புறங்கை தொட்ட வாளி

2001-ம் வருடம், ஐப்பசி மாதம். தலைப்பிரசவத்துக்காக ஆண்டிபட்டியிலிருந்து கம்பத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, பச்சை உடம்போடு இருந்தேன். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளும் பெய்தது. வெளியே பெய்தது மேகம், உள்ளே பெய்தது எங்கள் வீட்டுக் குழாய்.

அந்த வீடு தாத்தா காலத்தில் கட்டியது. சுவருக்குள் ஓடிய இரும்புக் குழாய்களும் அந்தக் காலத்தவைதான். துருப்பிடித்து, ஓர் இடத்தை அடைத்தால் இன்னோர் இடத்தில் பீச்சும். என் அப்பா பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் குழாய் ரிப்பேரில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, ஒழுகும் இடத்தில் இறுக்கிச் சுற்றி, மேலே கம்பியால் முறுக்கிவிடுவார். கால் ஒடிந்தவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி வீடு முழுக்க அந்தக் கட்டுகள் இருக்கும். நான் கிண்டல் செய்தால், "ஒழுகுதா பாரு" என்பார். ஒழுகாது. மறுநாள் அதற்கு அடுத்த சாணில் ஒழுகும்.

குழந்தையைக் குளிப்பாட்ட வருசநாட்டிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. காட்டு வேலை செய்தே காலம் கழித்தவர். அவர் வாயில் விழாதவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. நான் பிள்ளையைத் தூக்கும் விதம் சரியில்லை, அம்மா வைக்கும் ரசம் சரியில்லை, என் மாமியார் வாங்கிக் கொடுத்த தொட்டில் சேலை சரியில்லை. வந்து இறங்கிய அன்றே அம்மாவுக்கும் எனக்கும், இவர் எப்போது ஊருக்குப் போவார் என்று ஆகிவிட்டது. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டுவதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி அவர் தண்ணீர் ஊற்றினால், வீறிட்டுக் கொண்டிருந்த பிள்ளை அப்படியே அடங்கிவிடும்.

முதல் நாள் பாத்ரூம் குழாயைத் திறந்தவர், வந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

"ஏப்பா தம்பி, இதுலயா பச்சப்புள்ளையக் குளிப்பாட்டச் சொல்ற? நான் மாட்டக்கூட இதுல கழுவ மாட்டேன்."

எங்களில் யார் சொல்லியும் அசையாத அப்பா, அக்காவின் அந்த ஒரு சொல்லில் சுருண்டுவிட்டார். பேத்தி விஷயம் வேறு. மறுநாளே பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் லைன் தொடங்கி, அடுப்படி, கொல்லை என்று எல்லா இடத்திலும் இரும்புக் குழாயை வெட்டி எடுத்துவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் பைப் போட்டார்கள். வேலை முடியும்வரை பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தில்தான் தண்ணீர் எடுத்தோம். வெட்டிப்போட்ட குழாய்த் துண்டுக்குள் பார்த்தால் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சமிருந்தது. இதன் வழியாகவா இத்தனை வருஷம் தண்ணீர் குடித்தோம் என்று அம்மா முகத்தைச் சுளித்தார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. என் கல்யாணத்துக்காக அப்பா ஆசை ஆசையாக பாத்ரூம் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருந்தார். அதை உடைக்கவிட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பிளம்பரும், சரி, சுவருக்குள் இருக்கும் துண்டு அப்படியே கிடக்கட்டும் என்று, சுவருக்கு வெளிப்பக்கத்தில் பிளாஸ்டிக் பைப்பைக் கொண்டுவந்து அந்த இரும்புத் துண்டோடு சேர்த்துவிட்டார். டைல்ஸும் தப்பியது, வேலையும் குறைந்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம். புதுக் குழாயில் வந்த தண்ணீரை அத்தை ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இப்பத்தான் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சொல் அது. அப்பா அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஒரு காலை வேளையில்தான் அது நடந்தது.

அடுப்படியில் அம்மா இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு வைத்திருந்தார். பாத்ரூமில் அத்தை வழக்கம்போல் குளிப்பாட்டும் ஏற்பாடுகளைச் செய்தார். பிள்ளைத் தண்ணீருக்கு பிளாஸ்டிக் வாளி ஆகாது, பித்தளை வாளிதான் என்பது அவர் சட்டம். அந்த வாளியின் பிடியைக் குழாயின் கழுத்தில் மாட்டித் தொங்கவிடுவார். பாதி வாளி பச்சைத் தண்ணீர் பிடித்து, அதிலேயே வெந்நீரை ஊற்றி விளாவிவிடுவார். பிறகு பலகையில் உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்த பிள்ளையை வாங்கிக் கால்மேல் கிடத்திக்கொள்வார். அன்றும் அப்படியே எல்லாம் நடந்தது. நான் துண்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அடுப்படியில் கிரைண்டர் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

அத்தைக்கு ஒரு பழக்கம். சொம்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால், சூடு பதமா என்று வாளித் தண்ணீரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றும் புறங்கையை வாளிக்குள் கொண்டுபோனார்.

கை யாரோ தட்டிவிட்டதுபோல் மேலே தூக்கி எறியப்பட்டது. அத்தையின் உடம்பு ஒருமுறை குலுங்கிப் பின்னால் சாய்ந்தது. ஆனால் இடது கை பிள்ளையின் நெஞ்சை விட்டு நகரவில்லை. கத்தவும் இல்லை. நான், தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது போலிருக்கிறது, வாளியை நகர்த்திவிடலாம் என்று குனிந்து அதன் பிடியை நோக்கிக் கையை நீட்டிவிட்டேன்.

"தொடாத ஆத்தா. கரண்டு வருது" என்றார் அத்தை. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு எடு என்று சொல்வதுபோல் சொன்னார். என் விரலுக்கும் அந்தப் பிடிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

குழாயில் கரண்டு வரும் என்று நான் எந்தக் காலத்திலும் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் அத்தையின் முகத்தைப் பார்த்ததும் கை தானாகப் பின்வாங்கிவிட்டது. அவர் பிள்ளையை அப்படியே மார்போடு அணைத்து, பலகையோடு நகர்ந்து நகர்ந்து வாசல் பக்கம் வந்து என்னிடம் கொடுத்தார். பிறகுதான் தன் வலது கையை நீவிவிட்டுக்கொண்டார். பிள்ளை என்னைப் பார்த்து வாயைக் குவித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றுமே தெரியாது.

ஓடிவந்த அப்பா நம்பவில்லை. குழாயிலாவது, கரண்டாவது, உங்களுக்கு நரம்பு இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே சோதித்துப் பார்க்கக் கிளம்பினார். அத்தை அந்த நிலையிலும் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "ஒனக்குத் தொட்டுப் பாத்தாத்தான் நம்பிக்கை வருமாக்கும்" என்று ஒரு திட்டு விட்டார். அம்மா மெயின் சுவிட்சை இறக்கினார். கிரைண்டர் நின்றது. வீடு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

எலக்ட்ரீஷியன் எங்கள் தெருக்காரர்தான். அப்பாவுக்கு நன்றாகப் பழக்கம். வந்தவர், மெயினைப் போடச் சொல்லி, கிரைண்டரையும் ஓடவிட்டு, பல்பு மாட்டிய வயரின் ஒரு முனையைக் கொல்லை ஈர மண்ணில் செருகி, மறுமுனையைப் பாத்ரூம் குழாயில் வைத்தார். பல்பு எரிந்தது. தண்ணீர்க் குழாயிலிருந்து பல்பு எரிவதை அன்றுதான் பார்த்தேன்.

எலக்ட்ரீஷியன் சுவருக்கு வெளிப்பக்கம் போய், அங்கே நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் துண்டின்மேல் பல வருஷமாக அடித்துக் கெட்டிப்பட்டிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார். உள்ளே ஒரு செம்புக் கம்பி குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தது. பிளம்பர் கண்ணில் அது பட்டிருக்க வழியே இல்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வயரிங் செய்தவர்கள், எர்த்துக்கென்று தனியாகக் குழி வெட்டாமல், எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்களாம். இரும்புக் குழாய் தெரு மண்ணுக்குள் போவதால் அதுவே போதும். எங்கள் கிரைண்டர் மோட்டாரில் எப்போதிலிருந்தோ கரண்டு கசிந்திருக்கிறது. அத்தனையையும் அந்தக் குழாய் வாங்கி மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் நடுவில் பிளாஸ்டிக்கைப் போட்டு வெட்டிவிட்டோம். போக வழியில்லாத கரண்டு, மிச்சமிருந்த துண்டிலும் குழாயிலும், அதில் மாட்டிய வாளியிலும் வந்து நின்றுவிட்டது. கிரைண்டர் பலகைப் பெட்டிக்குள் இருந்ததாலும், பித்தவெடிப்புக்காக அம்மா ரப்பர் செருப்பு போட்டிருந்ததாலும் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், அத்தை எப்படித் தொட்டார் என்று கேட்டார். அத்தை புறங்கையைக் காட்டினார். எலக்ட்ரீஷியன் தன் விரல்களை மடக்கிக் காட்டினார்.

"கரண்டு பட்டா விரலு மடங்கும்மா. உள்ளங்கையால தொட்டுருந்தா வாளிய இறுக்கிப் பிடிச்சிருக்கும், விட முடியாது. புறங்கைங்கவும் வெளிய தள்ளிருச்சு. எங்க தொழில்ல சந்தேகமா இருந்தா இப்படித்தான் தொடுவோம். ஒங்களுக்கு யாரு சொன்னாக?"

யாரும் சொல்லவில்லை என்றார் அத்தை. எலக்ட்ரீஷியன் எழுந்து நின்றார். "அண்ணே, எங்க வீட்டுலயும் போன மாசந்தான் பிளாஸ்டிக் பைப்பு மாத்துனேன். எங்கய்யா போட்ட வயரிங்கு" என்றார். அவ்வளவுதான். எங்கள் மெயினை இறக்கிவிட்டு, பையைக்கூட எடுக்காமல் சைக்கிளில் பறந்தார். கம்பிகளோடேயே வாழ்கிற மனிதருக்கே தன் வீட்டுக் குழாய் நினைவுக்கு வரவில்லை என்றால், எங்களைப் போன்றவர்கள் எம்மாத்திரம்? அவர் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டுமே என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மதியத்துக்குமேல் திரும்பி வந்தவர் கொல்லையில் குழி வெட்டி, கம்பி இறக்கி, அடுப்புக்கரியும் கல் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் போட்டுக் கொடுத்தார். கிரைண்டரையும் பிரித்துச் சரிசெய்தார்.

அப்பா அன்று சாயங்காலம் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். குழாய் மாத்தினீங்களா, எர்த் எங்க இருக்கு என்று கேட்டுக்கொண்டே போனார். பக்கத்து வீட்டு பாயும் அதற்கு முந்தின வருஷம் குழாய் மாற்றியவர். ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று அவர் வீட்டுப் பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அப்பா சொன்னதும் அவர் எங்கள் கொல்லைக்கு வந்து, மூடியிருந்த குழியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அந்த வீட்டிலும் குழி வெட்டினார்கள். பிறகு தெருவில் வரிசையாக வெட்டினார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் காய்த்துப்போய், தொட்டால் மரப்பட்டை மாதிரி இருந்தது. நீங்கள் ஏன் எப்போதும் புறங்கையால் தொடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"களை வெட்டி வெட்டி உள்ளங்கை செத்துப் போச்சு ஆத்தா. சூடு கண்டுபிடிக்காது. என் மூத்தவன் கைப்புள்ளையா இருக்கும்போது, தண்ணி பதமா இருக்குன்னு நெனச்சு ஊத்தி, அவனுக்கு முதுகெல்லாம் கொப்புளம். அதுலருந்து இப்படித்தான்" என்றார்.

அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். அத்தையின் மகன் சட்டை கழற்றினால் தோள்பட்டைக்குக் கீழே இருக்கும். எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை, அத்தையும் சொன்னதில்லை. எந்தக் காலத்திலோ ஒரு பிள்ளை பட்ட சூடு, எங்கோ மானாவாரிக் காட்டில் வெட்டிய களை, இரண்டும் சேர்ந்து அன்றைக்குக் காலையில் என் மகளைக் கைபிடித்து வெளியே கொண்டுவந்திருக்கின்றன. அதை நினைத்ததும் அத்தையின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். பச்சை உடம்புக்காரி இப்படி அழுதால் பால் வற்றிப்போகும் என்று அதற்கும் திட்டினார். திட்டிக்கொண்டே அந்தக் காய்ப்பேறிய கையால் என் தலையைத் தடவினார்.

அப்பா மறுநாளே டைல்ஸை உடைக்க ஆள் கூட்டிவந்தார். அதைப் பற்றி யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. பிள்ளைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் கூடி யோசித்து, நல்லதென்று நினைத்துச் செய்த காரியம்தான் அதன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. காப்பாற்றியது எதுவும் நாங்கள் யோசித்துச் செய்தது இல்லை. என் மகள் இன்று என் தோளுக்குமேல் வளர்ந்து நிற்கிறாள். பார்க்கிறவர்கள் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறாய் என்று பாராட்டும்போது, ஆமாம், நான்தான் வளர்த்தேன் என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வந்ததில்லை.