பூச்சு காயும் நேரம்

உம்மு ஒற்றைக் காலில் நிற்கிறாள். வலது காலின் வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலை இடது கெண்டைக்காலில் தேய்த்தபடி, என் கன்னத்துக் கரும்புள்ளிகளுக்கு ஆவி காட்டுகிறாள். கொஞ்ச நேரத்தில் கால் மாறும். "கால்தான் ஆடும், கை ஆடாது, பயப்படாதீங்க" என்கிறாள்.

கல்முனைக் கடைத்தெருவில், புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அழகுச் சிகிச்சை நிலையம். அக்கரைப்பற்றிலும் கொழும்பிலும் கிளைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே ரோஜா நிறத் திரை, ஒரே சட்டம்: நர்ஸ்மார் உட்காரக் கூடாது. வருகிறவர்கள் படுக்கக் கட்டில், காத்திருக்க மெத்தைக் கதிரை. நர்ஸ்மாருக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. முதலாளி மீராமுகைதீன் கொழும்பில் இருப்பதால் இங்கே சட்டம் போடுபவர் அவர் மனைவி ஆயிஷா உம்மா. "நர்ஸ் இருந்துக்கிட்டிரிந்தா, வாற ஆக்கள் அவளையும் நோயாளியெண்டு நினைப்பாங்க" என்பது அவர் கட்சி.

உம்மு சாய்ந்தமருதுக்காரி. முன்பு ஒரு டிஸ்பென்சரியில் ஊசி போட்டவள். அவள் கன்னத்தில் அம்மைத் தழும்புகள். யாராவது அதை உற்றுப் பார்த்தால், "இதுக்கு மருந்தில்ல. மத்ததெல்லாம் போகும்" என்று தானே முந்திக்கொள்வாள். பகல் சோற்றையும் பண்டகசாலையில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகிவிட்டாள். "இப்ப ஊட்டுலயும் நிண்டுதான் தின்னுறன். கந்தூரி விருந்துல சகன் தட்டைச் சுத்தி இருக்க இடம் கிடைக்காதவள் மாதிரி நிக்காய் எண்டு மாப்பிள்ள சிரிக்காரு."

மற்ற நர்ஸ் கஜனி, காரைதீவுப் பிள்ளை. ஆறு மாதக் கர்ப்பிணி. மீன்பிடித் தடையால் கணவன் கடலுக்குப் போக முடியாத காலம். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. போன கிழமை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தலைசுற்றித் திரையோடு சரிந்துவிட்டாள். திரை கிழிந்தது. விழுந்த பிள்ளையைவிடக் கிழிந்த திரையைத்தான் ஆயிஷா உம்மா அதிகம் பார்த்தாராம். "முகம் பாக்க வாற இடத்தில வயிறு தெரியப்படாது. இந்த மாசத்தோட வேலையிலயிருந்து நிண்டுக்க புள்ள" என்றிருக்கிறார்.

"இவ்வளவு நாளும் நிண்டவளைப் பாத்து நிண்டுக்கச் சொல்றாங்க, பாத்தீங்களா?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள் உம்மு. சிரித்த முகத்தை உடனே திருப்பிக்கொண்டாள்.

அவள் இதைச் சொன்ன அன்றைக்கே ஆயிஷா உம்மாவும் முகத்துக்குப் பூச்சுப் போட வந்தார். மறுநாள் தம்பி மகளுக்குக் கலியாணம். எனக்கு அடுத்த கட்டில். என் முகத்தில் ஏற்கெனவே களிமண் பூச்சு காய்ந்துகொண்டிருந்தது. உம்மு அவருக்கு நெற்றி முதல் தாடை வரை தாராளமாக அப்பினாள்.

"காயுமட்டும் வாயத் திறக்கப்படா ராத்தா. வெடிச்சா முகமெல்லாம் கோடு விழுந்திரும்."

"ம்."

"அப்ப நான் கதைக்கிறன், நீங்க கேளுங்க. கஜனி விழுந்தாளே, அது நோயில்ல. நிண்டு நிண்டு விழுந்தது."

"ம்ம்!"

"கதைக்காதீங்க ராத்தா! நாளைக்குக் கலியாணம். நீங்களும் புள்ளப் பெத்தவங்கதானே? வயித்துப் புள்ளயோட விடிஞ்சதிலயிருந்து பொழுதுபடுமட்டும் நிண்டிரிக்கீங்களா? அவள்ட கால் ரெண்டும் ஈரப்பலாக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு."

"ம்ம்ம்!"

"ஓம் எண்டா ஒரு ம். இல்ல எண்டா ரெண்டு. மூணுக்கு எனக்கு விளக்கம் தெரியா."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்க அடக்க, கண்ணோரத்தில் பூச்சு நறுக்கென்று வெடித்தது. திரைக்கு அப்பால் கஜனியின் செருமல் கேட்டது.

பிறகு உம்முவின் குரல் இறங்கியது. "ஒரு கதிரை போடுங்க ராத்தா. புள்ளப் பெறுமட்டும் அவள் இருந்து வேல செய்யட்டும். பெத்துப்போட்டுத் திரும்பி வரட்டும். அவள நிப்பாட்டினா நானும் வரமாட்டன். பகிடி இல்ல."

 உம்மு இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, கால் மாற்றாமல் நின்றாள். 

அடுத்த கட்டிலிலிருந்து ஒரு "ம்" வந்தது. ஒன்றே ஒன்று.

முகம் கழுவியதும் ஆயிஷா உம்மா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். "கழுத்தில மிச்சம் இரிக்கி, துடை" என்றார். துடைத்ததும் படியிறங்கிப் போனார்.

அடுத்த முறை நான் போனபோது, திரையோரம் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் கிடந்தன. ஆட்கள் உள்ளே இல்லாத நேரம் மட்டுமே உட்காரலாம் என்று ஒரு புதுச் சட்டமும் கூடவே வந்திருந்ததாம். ஒன்றில் கஜனி கால்களை நீட்டிச் சாய்ந்திருந்தாள். மற்றதன் விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல உம்மு.

என்னைக் கண்டதும் அவள் துள்ளி எழப் பார்த்தாள். கஜனி அவள் வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்துக் கீழே ஓர் இழுவை இழுத்தாள்.