வேறொருத்தியின் குரல்

ஹாசல்பாக் ஊர்க்காரர்கள் பேசினால் 'ர' நாக்கில் மடிந்து உருண்டுதான் வெளியே வரும். செக் எல்லையை ஒட்டிய அந்த மலையடிவாரத்தைத் தாண்டிவிட்டால், ஜெர்மனியில் எங்கே போனாலும் அந்தப் பேச்சுக்குச் சிரிப்பார்கள். ரோஸ்மாரி கிட்டலுக்கு இது இளவயதிலேயே புரிந்துவிட்டது. பெர்லினில் ஒரு செருப்புக் கடையில் அவள் வாய் திறந்ததும், விற்பனைப் பெண் கூட வேலை செய்பவர்களையெல்லாம் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வெளியூரில் ரோஸ்மாரி அதிகம் பேசியதில்லை.

ஊருக்குள் கதையே வேறு. நெசவாலை ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்கென்று ஒரு நாடகக் குழு இருந்தது. ஆலையை இழுத்து மூடிய பிறகும் குழு மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்தது. ரோஸ்மாரி பகலில் பாலர் பள்ளிச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிப்பாள். மாலையில் மேடையேறி ராணியாவாள், சூனியக்காரியாவாள். கணீரென்ற குரல் இல்லை அவளுடையது. அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று எழும். அவள் பேச ஆரம்பித்தால் கொட்டகையில் இருமுகிறவர்கள்கூட அடக்கிக்கொள்வார்கள்.

அவளுக்கு அறுபது தாண்டியபோது படக்காரர்கள் வந்தார்கள். அந்த வட்டாரத்துப் பாதிரியார் ஒருவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய நாவலைப் படமாக எடுக்கிறார்களாம். மாவு ஆலை வீட்டு மருமகளை, வயிற்றில் பிள்ளையோடு பனியில் துரத்திவிடும் கதை. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்து அழாதவர்கள் ஊரில் கிடையாது. மாமியார் வேஷத்துக்கு உள்ளூர்க்காரி ஒருத்தி வேண்டும் என்றதும், கிழவிகள் எல்லாம் முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நகரசபைக்குப் போனார்கள். ரோஸ்மாரியும் அவள் தங்கை சீக்ரூனும் போனார்கள். இயக்குநர் வென்ட்ஹாகனுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வரிசையில் நின்றவர்களை ஒரு நோட்டம் விட்டுவிட்டு, நேராக ரோஸ்மாரியிடம் வந்து நின்றார்.

"இந்த முகத்தைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்," என்றார்.

சீக்ரூன் வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மருமகளத் துரத்துற மூஞ்சி வேணும்னா உன்னை விட்டா வேற யாரு, அக்கா?" என்றாள்.

படப்பிடிப்பு ஊருக்கு வெளியே இருந்த பழைய மாவு ஆலையில் நடந்தது. மாமியாருக்கு ஒரே ஒரு காட்சி, நாவலில் உள்ள அதே வசனம். வாசற்கதவைப் பிடித்தபடி ரோஸ்மாரி சொன்னாள்: "இந்தக் கதவ என் மவன் சாத்தல. நான் சாத்துறேன். போற வழியில அவன வையாத. என்னைய வை." கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வென்ட்ஹாகன் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து, இதுதான் படத்தின் உயிர் என்றார். அன்று அவள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். கணவன் ஆல்வினிடம் விவரமாக ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஊர்க் கொட்டகையில் சிறப்புக் காட்சி போட்டார்கள். முன்வரிசை நடிகர்களுக்கு. ரோஸ்மாரி கருநீலக் கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு, ஆல்வினையும் சீக்ரூனையும் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

கதையில் பெயர்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. மருமகள் பெர்லினில் விளம்பர நிறுவனம் நடத்துகிறாள், ஜன்னல் வழியாக வெறித்துப் பார்க்கிறாள், மழை பெய்கிறது, மறுபடியும் வெறித்துப் பார்க்கிறாள். பின்வரிசையில் ஆட்கள் நெளிந்தார்கள். ஒருவர் குறட்டைகூட விட்டார். கடைசியில் மருமகள் கனவு காண்பதுபோல ஆலை வந்தது, கதவு வந்தது, ரோஸ்மாரியின் முகம் திரை நிறைய வந்தது.

வாய் திறந்தது. வந்தது அவள் குரல் இல்லை.

யாரோ ஒருத்தியின் குரல். செய்தி வாசிப்பதுபோல வழவழவென்று, ஒரு 'ர' உருளாமல், "இந்தக் கதவை என் மகன் மூடவில்லை" என்றது. உதடு ஒரு பக்கம் போனது, பேச்சு ஒரு பக்கம் போனது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. சொந்த ஊர்க்காரர்கள். ரோஸ்மாரி அசையவில்லை. ஆல்வின் அவள் கையைப் பிடித்தார், அவள் உருவிக்கொண்டாள்.

படம் முடிந்து வென்ட்ஹாகன் மேடையேறினார், யாருக்காவது கேள்வி உண்டா என்றார். ரோஸ்மாரி எழுந்தாள். ஒலிவாங்கி கைக்கு வந்தது. என் கொரல என்னடா செஞ்ச என்று கேட்கத்தான் எழுந்தாள். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மன்னிக்க வேண்டும், ஐயா. என் குரலை மாற்றியதற்கான காரணத்தை நான் அறிந்துகொள்ளலாமா?"

ஒவ்வொரு எழுத்தும் சுத்தம். 'ர'கூட நாக்கு மடியாமல் நிமிர்ந்து வந்தது. தானே பேசியதைத் தன் காதால் கேட்டதும் அவள் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வென்ட்ஹாகன் பதில் சொல்லத் தயங்கவில்லை. "அம்மா, உங்க முகம் அற்புதம். ஆனா இந்தப் பேச்சு கொலோன்ல, மியூனிக்ல ஓடினா ஜனங்க சிரிச்சிடுவாங்க. சோகமான இடம் பாருங்க," என்றார். யாருடைய குரல் என்று இன்னொருவர் கேட்டதற்கு, பெயர் ஞாபகமில்லை, அரைமணி நேரத்தில் பேசிக் கொடுத்துவிட்டுப் போன பெண் என்றார். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் சீக்ரூன் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "விடுக்கா. அந்தக் குரல்ல நீ எவ்வளவு படிச்சவ மாதிரி இருந்த தெரியுமா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஆல்வின், அவன் எடுத்தது படமே இல்லை, பத்திரிகைக்காரர்கள் கிழிக்கப்போகிறார்கள் என்றார். சொன்னபடியே பத்திரிகைகள் கிழித்தன. ஜன்னல் காட்சிகளைக் கிழித்தார்கள், மழையைக் கிழித்தார்கள். மாமியாரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நாடகக் குழுவை நடத்தும் எக்கெஹார்ட் வீடு தேடி வந்தார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்குத்தான் பெரிய வேஷம் என்றார். முடியாது என்றாள். ஏன் என்று அவர் விடாமல் கேட்டார்.

"வாயத் தொறந்தா ரெண்டு பேரு பேசுறாங்க, எக்கெஹார்ட். எவ நான்னு எனக்கே தெரியல."

அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். வேஷம் சீக்ரூனுக்குப் போனது. அவள் வசனத்தை இரண்டு இடத்தில் மறந்தாள், ஒரு இடத்தில் நாற்காலியில் இடித்துக்கொண்டாள், 'ர'வை மட்டும் தாராளமாக உருட்டினாள். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. ரோஸ்மாரியும் நடுவரிசையில் எழுந்து நின்று தட்டினாள். பக்கத்து இருக்கைக்காரி, "உன் தங்கச்சி அப்படியே உன்னை மாதிரியே பேசுறாடி," என்று காதில் சொன்னாள். ரோஸ்மாரி தலையை மட்டும் ஆட்டினாள்.