அண்ணன் விற்ற மாமரம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்ற பிள்ளைகள் நாலு; அண்ணி சீக்கிரமே போய்விட்டதால் அண்ணன் மகளும் என் கையில்தான் வளர்ந்தாள். ஆக, அஞ்சு. எனக்குக் கையொப்பம் போட மட்டுமே தெரியும். நான் சொல்ல, என் பேத்தி எழுதுகிறாள்.

அண்ணன் பிறந்தது அமரவிளையில். ஆயுசு முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டுதான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எந்த வீட்டுக்கும் தெற்கே ஒரு மாமரம் நிற்கும். வீட்டுப் பெரியவர் மறைந்தால் அதை வெட்டித்தான் சிதை அடுக்குவது. அப்படி நின்ற மரத்தை அண்ணன், மகளின் காலேஜ் பீசுக்காக விற்றார். கேள்விப்பட்டு அண்ணியின் தம்பி ஓடி வந்தார்.

“அத்தான், நாளைக்கு உம்மை எதை வச்சு எரிக்க?”

“எனக்கென்ன மக்கா, சிரட்டையும் தென்னமட்டையும் மதி, அது போதும்.”

மகள் எம்.ஏ. முடித்தாள். உடனே வேலை கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அதற்கும் அண்ணியின் தம்பி விடவில்லை.

“சேலை மடிக்கதுக்கா அத்தான் மரத்தை வித்தீரு? எங்க வீட்டுப் பிள்ளைய நான் பத்தோட நிறுத்துவேன்.”

“எலே, பகல் மடிக்கா, ராத்திரி பரீட்சைக்குப் படிக்கா. நீ பகலை மட்டும்தானே பாக்குதே.”

பிறகு தனுவச்சபுரத்தில் ஒரு காலேஜில் அவளே டீச்சர் ஆனாள். முதல் நாள் அண்ணனும் கூடவே பஸ் ஏறினார். வாசலில் வாட்ச்மேன், “யாரைக் காணணும்?” என்று கேட்டாராம்.

“யாரையும் காண்டாம். அவ உள்ள கேறிப் போறதைக் கண்டாச்சு” என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அன்றைக்கு அண்ணன் நடந்து வந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

கடைசி நாட்களில் மகள் கட்டிலருகே இருந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்வார்.

அண்ணன் போன அன்று, விறகுக்கு என்ன செய்ய என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். அண்ணியின் தம்பி ஆளைக் கூட்டிப்போய்த் தம்முடைய மாமரத்தையே வெட்டிக் கொண்டுவந்தார். உமக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

“பேத்திய காலேஜுல சேக்க விக்கணும்னு நிறுத்தியிருந்த மரமாக்கும். டீச்சர் ஸ்காலர்ஷிப்புக்கு வழி காட்டிட்டா. இனி அத்தானுக்குத்தான்.”

அவர் வாயால் அண்ணன் மகளை டீச்சர் என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். காலேஜ் படிப்புக்கு இத்தனை செலவு தகுமா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். தகும். எங்கள் வீட்டில் கண்டாச்சு.

மரம் சுமந்தவர்கள், பந்தல் போட்டவர்கள், காஞ்சிரங்குளத்திலிருந்து விடியுமுன்னே வந்து நின்ற அண்ணனின் சிநேகிதக் கூட்டுக்காரர்கள், அண்ணன் போன பிறகு இந்த ஒரு வருடமும் எங்களை விசாரித்த எல்லாருக்கும் கும்பிட்டுச் சொல்கிறேன், நன்றி.

போதும் மக்கா. இனி முதல்ல இருந்து வாசி, கேக்கட்டு. அவ டீச்சர் ஆன இடம் வரும்போது கொஞ்சம் சத்தமா வாசி. அடுத்த வீட்டுக்கும் கேக்கட்டு.