மரத்துப்போன வாயோடு ஒரு பேரம்

தையல் கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் கத்தரி. கத்தரிக்கோல் கையெட்டும் தூரத்தில் கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் அறுப்பாள். பதினெட்டு வருடமாகச் சட்டைக் காலர் தைக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் தங்கையைப் படிக்கவைத்தாள்.

கீழ்க் கடைவாய்ப்பல் நான்கு நாளாக உயிரை வாங்கியது. அரசு மருத்துவமனையில் மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. கன்னம் வீங்கியதைப் பார்த்த தங்கை, "அக்கா, கடைத்தெரு மாடியில புதுசா ஒரு கிளினிக் தொறந்திருக்காங்க. முதல் பரிசோதனை இலவசமாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

தங்கையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். இளம் டாக்டர் வாய் முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார். "வேர் சிகிச்சை பண்ணணும்மா" என்று ஊசியும் போட்டார். "மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவர் போன கையோடு வரவேற்பறைப் பெண் ஒரு தாளும் பேனாவுமாக வந்தாள். தாளில் நான்கு பற்களுக்குச் சிகிச்சை, அவற்றின் மேல் மாட்ட நான்கு உறைகள். கீழே போட்டிருந்த தொகை இவளுடைய ஏழு மாதச் சம்பளம்.

"தவணையில கட்டலாம் மேடம். இன்னைக்கே கையெழுத்துப் போட்டா தள்ளுபடி. நாளைக்கு இந்த விலை கிடைக்காது."

மற்ற மூன்றும் வலிக்கவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை; எச்சில்தான் வழிந்தது. அந்தப் பெண் இதமாகத் துடைத்துவிட்டு, பேனாவை அவள் விரல்களுக்குள் செருகினாள். நாற்காலி அவளை மல்லாத்தி வைத்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. போட்டுத் தொலைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

தாளைத் திருப்பி, கோணல்மாணலாக எழுதினாள்: 'வலிக்கிற பல் மட்டும். எவ்வளவு?'

டாக்டரே வந்துவிட்டார். "தனியா ஒரு பல்லுக்குப் பண்றதில்லம்மா. ஊசி வேற போட்டாச்சு. இப்ப எழுந்து போனா ராத்திரி துடிச்சுப் போயிடுவீங்க."

அதுதான் அவளை எழுப்பியது. கழுத்துத் துணியைக் கழற்றி வைத்தாள். 'எக்ஸ்ரே வேணும்' என்று எழுதி நீட்டினாள். ஊசிக்கும் எக்ஸ்ரேக்கும் கேட்ட பணத்தைக் கட்டி, படத்தை வாங்கிக்கொண்டு தங்கையோடு படியிறங்கினாள்.

அவர் சொன்னது பொய்யில்லை. இரவெல்லாம் துடித்தாள். காலையில் தங்கையோடு இரண்டு தெரு தாண்டி, ஒரு டாக்டரம்மா தனியாக நடத்தும் சின்ன கிளினிக்குக்குப் போனாள். அந்த அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு வேர் சிகிச்சை கட்டாயம். மேல ஒண்ணுல சொத்தை ஆரம்பிச்சிருக்கு, அடைச்சா போதும். மத்த ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"மொத்தம் எவ்வளவு ஆகும் டாக்டர்?"

தொகையை எழுதிக் காட்டினார். ஒன்றரை மாதச் சம்பளம். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு தடவை வரணும். அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமா கட்டுங்க."

மூன்றாவது தடவை உறை மாட்டிக் கடிக்கச் சொன்னபோது மேல்பல்லில் இடித்தது.

"சரியா இருக்கா?"

"இல்ல டாக்டர், உயரமா இருக்கு."

தேய்த்தார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி தேய்த்தார். இரண்டு பக்கமும் நிதானமாகக் கடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் நாற்காலியைவிட்டு இறங்கினாள்.