இடுப்பு இருந்த பக்கம்

கலைவாணிக்குக் குதிரை என்றாலே ஆகாது. ஆந்திரா எல்லையோரம் பாலசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவள். ஆடு மேய்க்கத் தெரியும், மாடு கறக்கத் தெரியும், அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக் கூலிக்கு நிற்கவும் தெரியும். குதிரையை அவள் கிட்டத்தில் பார்த்தது திருப்பதியில் ஏதோ ஒரு கல்யாண ஊர்வலத்தில்தான். அப்போதும் ஓரமாக ஒதுங்கித்தான் நின்றாள். அப்படிப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகச் சந்திரகிரி ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, எட்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு குதிரைக் கொட்டகை வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. பிள்ளை என்று வந்துவிட்டால் பயமாவது ஒன்றாவது.

மகள் பெயர் பவ்யா. பிறக்கும்போதே மூச்சுத் திணறியதில் உடம்பு இறுகிப்போன குழந்தை. புத்தியில் ஒரு குறையும் கிடையாது. பேச்சு கொஞ்சம் மெதுவாக வரும். வந்துவிட்டால் அதை நிறுத்துவதுதான் கஷ்டம். ஆனால் நடக்க மாட்டாள். எங்கே உட்கார வைத்தாலும் வலது பக்கமாகச் சரிந்துவிடுவாள்.

பள்ளிக்கூடத்து மேடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "பெஞ்சில தானா உட்காரட்டும்மா, நான் சேர்த்துக்கிறேன். சரிஞ்சி வுழுந்து தலையில அடிபட்டா யார் பதில் சொல்றது?" அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அத்தனை பிள்ளைகளுக்கு அவர் ஒருவர்தான் டீச்சர். பவ்யாவோ அம்மா வேலை பார்க்கும் திருப்பதி லாட்ஜின் சுவரில் ஒட்டிய போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே இருந்தது அந்தச் சரிவு ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் கீர்த்திதான் குதிரையைப் பற்றிச் சொன்னாள். "குதிரை நடக்கும்போது மேல இருக்கிறவங்க இடுப்பும் நாம நடக்கிற மாதிரியே அசையும்க்கா. வுழாம இருக்க முதுகு தன்னால வேலை செய்யும். இது மருந்துன்னு நினைச்சிக்காதீங்க, பயிற்சிதான்."

ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்த புருஷன் பாபு போனில் குதித்தான். "உட்காரவே முடியாத புள்ளைய குதிரை மேல ஏத்துறியா? உனக்கு இன்னா கிறுக்கா?"

"ஆமா, கிறுக்குதான்" என்று போனை வைத்தாள்.

கலைவாணிக்கு ஒரு காலத்தில் நல்ல ஓட்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கோ-கோ டீமில் அவள் துரத்த ஆரம்பித்தால் எவளும் தப்பியதில்லை. காலை அணிவகுப்பில் பி.டி. சார் "நிடாருகா நிலபடு!" என்று தெலுங்கில் ஒரு சத்தம் போடுவார். மற்றவர்கள் நேராக நிற்பது எப்படி என்று பார்த்துக்கொள்ள இவளைத்தான் முன்னால் நிறுத்துவார். அந்த முதுகுதான் பிறகு பவ்யாவைத் தூக்கியது. பக்தர்கள் தங்கும் லாட்ஜில் ரூம் சுத்தம் செய்யும் வேலை. வலது கையில் துடைப்பம், இடது இடுப்பில் பிள்ளை. படுக்கை விரிப்பை உருவுவதும் குழாயைத் துடைப்பதும் எல்லாம் ஒரே கைதான். பிள்ளை வளர வளரப் பாரமும் வளர்ந்தது. ஒருநாளும் அவள் அதைப் பாரம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை.

கொட்டகையின் சொந்தக்காரர் புருஷோத்தமன் ராணுவத்தில் குதிரைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியும் வளையாத முதுகு, அதைவிட வளையாத வாய். டவுன் பிள்ளைகள் சவாரி பழக வருவதற்கு முன்னால் பவ்யாவுக்கு நேரம் ஒதுக்கினார். மைனா என்ற கிழட்டுப் பெண்குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தி, பிள்ளையைச் சேணத்தில் உட்கார வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் வட்டமாக நடந்தார். குதிரையிடம் எல்லோரும் இடது பக்கமாகத்தான் போய் நிற்பார்கள். கலைவாணியும் அந்தப் பக்கமே நின்று, பிள்ளையின் தொடையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

பவ்யா முதல் நாளே சிரித்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து அவள் உலகத்தைப் பார்த்ததே இல்லை. நாளாக ஆகக் கால்களின் இறுக்கம் கொஞ்சம் விட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கினாள். "ரெண்டு இட்லி கூடவே துன்றா" என்று கலைவாணி பாபுவிடம் பெருமைப்பட்டாள். ஆனால் அந்தச் சரிவு மட்டும் அப்படியே இருந்தது. அம்மா நிற்பது இடது பக்கம், பிள்ளை சாய்வது வலது பக்கம், அங்கே வெறும் காற்றுதான்.

பாரம் சாய்கிற பக்கமே குதிரையும் கால் வைக்கும். மைனா வட்டத்தை விட்டு விலகி விலகி வேலிப் பக்கம் போனாள். "ஆகு, ஆகு!" என்று தெலுங்கில் அதட்டி நிறுத்தி இழுத்து வருவதே புருஷோத்தமனுக்கு வேலையாகிவிட்டது. சேணம் கோணல் என்று வாரை இறுக்கினார். வலது பக்கம் சாக்கை மடித்து முட்டுக் கொடுத்தார். பிள்ளை சாக்கின் மேலேயே சாய்ந்துகொண்டாள். கலைவாணி கண் பட்டுவிட்டது என்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி சுற்றித் தெருவில் ஊற்றினாள். அதற்கும் ஒன்றும் அசையவில்லை.

ஒருநாள் அவர் அலுத்துப்போய், "போதும், இறக்கும்மா" என்றார். கலைவாணி மகளை வாங்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.

"ஏம்மா, நில்லு. அப்படியே நில்லு."

அவர் இருவரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பவ்யாவின் வலது விலா அம்மாவின் உடம்போடு ஒட்டியிருந்தது. தலை நேராக இருந்தது. பானையில் மூடி உட்கார்ந்த மாதிரி அப்படி ஒரு பொருத்தம்.

"எப்பவும் இந்தப் பக்கம்தானா தூக்குவ?"

"வலது கை வேலைக்கு வேணுமே சார்."

அவர் குரல் இறங்கியது. "பாப்பா சேணத்துல சாயலம்மா. உன் மேலதான் சாயிறா. நீ நிக்கிறது குதிரைக்கு இடது பக்கம். அவ உடம்புக்குத் தெரிஞ்ச அம்மா அவளுக்கு வலது பக்கம் கீறா."

கலைவாணிக்கு உச்சந்தலைவரை சுட்டது. "அப்போ தூக்காம தரையில போட்டு வெச்சிருக்கணுமா சார்? நடக்காத புள்ளைய வேற எப்டி வளர்க்கிறது? சொல்லுங்க!" ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை அழுதாள். அத்தனை வருஷம் தூக்கியதும் குற்றமாகப் போய்விட்டதே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"தப்புன்னு யாரும் சொல்லலக்கா" என்றாள் கீர்த்தி. "அவ உடம்பே ஒரு பக்கம் இறுக்கம். பழக்கமும் கூடச் சேர்ந்துக்கிச்சு. தூக்கினதாலதான் புள்ள இவ்ளோ தெளிவா இருக்கா. இனிமே தூக்காதீங்க, அவ்ளோதான்."

அவ்ளோதானாம். சொல்வது சுலபம்.

வலது இடுப்பில் வைத்துப் பார்த்தாள். பிள்ளை வழுக்கிக்கொண்டு போனாள். அந்த இடுப்பு யாரையும் ஏந்திப் பழகாதது. கடைசியில் லாட்ஜ் வராந்தாவில் விரிப்புகளை மடித்து அடுக்கி, அதன் நடுவில் உட்கார வைத்தாள். "தூக்கும்மா, தூக்கு" என்று பவ்யா அழுத அழுகைக்கு பக்தர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கலைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு அறையைப் பெருக்கினாள். இப்போது வேலைக்கு இரண்டு கையும் இருந்தன. இடது கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு புருஷோத்தமன் அவளை மணல் வட்டத்தின் நடுவில் நிற்கச் சொன்னார். பிள்ளைக்கு வலது பக்கம் அவரே கையெட்டும் தூரத்தில் நடந்தார். குதிரை சுற்றும்போது அம்மா எப்போதும் பிள்ளையின் இடது கைப்பக்கம் இருப்பாள். தொட மட்டும் மாட்டாள்.

பவ்யா சரிந்தாள். அழுதாள். கலைவாணியின் கால்கள் துடித்தன. கோ-கோ ஆடிய கால்கள், கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பவ்யா, அங்க இன்னாடி பாத்துக்கினு கீற? நான் இங்க கீறேன் பாரு!"

பிள்ளை திரும்பினாள். திரும்பியதில் முதுகு கொஞ்சம் எழும்பியது. மறுபடி சரிந்தது. அன்றைக்கு அவ்வளவுதான். மழைக்காலம் போய்ப் பனி வந்து, அதுவும் போய் வெயில் ஏறியது. ஒரு காலையில் புருஷோத்தமன் குதிரையை நிறுத்தி, மணலைக் காட்டினார். மைனாவின் குளம்புத் தடம் கோணாமல் வட்டமாக இருந்தது. வாய் நிறையப் பேசுகிற மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. பாபு லீவு போட்டுவிட்டு வந்து, மகளைத் தூக்கிக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார வைத்தான். மேடம் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். பவ்யா இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டாள். வலது பக்கம் ஒருமுறை லேசாகச் சாய்ந்தாள். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு தானாக நிமிர்ந்தாள். மேடம் புன்னகைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனார்.

வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகலாம். கலைவாணி மட்டும் கதவோரம் நின்றுகொண்டே இருந்தாள்.

பவ்யா திரும்பிப் பார்த்தாள். "யம்மா, நீ இன்னாத்துக்கு சாஞ்சிக்கினு நிக்கிற? நேரா நில்லு."

கலைவாணி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது. வலது தோள் இறங்கியிருந்தது. இடது கை யாரும் இல்லாத இடத்தை அணைத்தபடி வளைந்திருந்தது. பிள்ளை இறங்கி எத்தனையோ நாளாயிற்று, உடம்பு மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டிருந்தது.

கையைத் தொங்கவிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். இடுப்பிலிருந்து தோள்வரை சுரீரென்று வலித்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அப்படியே நின்றாள்.