அணைத்த பதினோராவது விநாடி

எட்டேகாலுக்கு நான் ஷெட்டுக்குள் நுழைந்தபோது ஆபரேட்டர் அண்ணன் அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டிருந்தார். திரை கருப்பானது. ஃபேன் சத்தம் அடங்கியது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கி, "இரு, இப்ப வரும் பாரு" என்றார்.

வந்தது. மேசைக்கு அடியில் ஃபேன் சுற்றத் தொடங்கி, பச்சை விளக்கு எரிந்து, திரை மறுபடி வெளுத்தது.

"ஒம்போது மணிக்கு கரண்ட் கட்டு. ரெண்டு மணி வரிக்கும் வராது. இத்த வெச்சிகினு நான் இன்னாமா பண்ணுவேன்?"

எங்களுடையது மண்ணூர்பேட்டையில் இருபது பேர் வேலை செய்கிற சின்ன யூனிட். லாரிக்கான உதிரிபாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கிறோம். கடைந்தது சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க சி.எம்.எம். என்று ஒரு மெஷின், தனி ஏ.சி. அறையில். கருங்கல் மேடைக்கு மேலே ஒரு ஊசி நகர்ந்து நகர்ந்து உருப்படியைத் தொடும். தொட்ட இடத்தை அந்தக் கம்ப்யூட்டர் எண்ணாக்கிக் காட்டும். ஊசிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே காலிபரேஷன் ஃபைல் என்று ஒன்று இருக்கிறது. அது கெட்டால் மெஷினுக்குக் கண் போன மாதிரி.

போன வாரம் கெட்டது. ஆயுத பூஜைக்கு அப்புறம் சனிக்கிழமை ஒருநாள் மட்டும் வேலை, மறுநாள் ஞாயிறு. ஞாயிறு மத்தியானம் மழையில் கரண்ட் போய், யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஓட்டத்திலேயே செத்துப்போயிருக்கிறது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஃபைல் திறக்கவில்லை. சர்வீஸ் எஞ்சினியர் வியாழக்கிழமைதான் வந்தார். மூன்று நாள் சரக்கு கிளம்பவில்லை.

"நான் சனிக்கெழம ஆஃப் பண்ட்டுதான் சார் போனேன்" என்று அண்ணன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். முதலாளி சார் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீ பாத்துச் சொல்லும்மா. உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே."

எனக்கு அங்கே ஐந்து மாத சர்வீஸ். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. ஆனால் யார் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் கூப்பிடாமலே போய் நிற்பேன். அந்தத் திங்கட்கிழமையும் போய் நின்றேன். கம்ப்யூட்டர் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். சிவப்புக் குறியோடு ஒரு வரி: ஞாயிறு, மூன்று பத்து, எதிர்பாராமல் அணைந்தது. "ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் ஓடிட்டுதான் சார் இருந்திருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவ்வளவே போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமைதான் அண்ணன் கண்டுபிடித்தார், அணைத்தால் அது தானாகவே மறுபடி எழுந்துகொள்கிறது என்று. சாரைக் கூட்டி வந்து காட்டினார். சார் காட்டியதை நம்பினார், சொன்னதை நம்பவில்லை. "இன்னிக்கு ரீஸ்டார்ட் ஆகுதுன்னா எஞ்சினியர் ஏதோ மாத்திட்டுப் போயிருப்பான். அதக் காட்டி அன்னிக்கு நீ மறந்ததுக்கு சாக்கு சொல்லாத." அன்றிலிருந்து கம்ப்யூட்டரை அணைக்காமலே வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகூட அண்ணன் சாப்பாட்டு டப்பாவோடு வந்து அதற்குக் காவல் உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்குப் பத்து மணிக்கு அண்ணன் இடத்துக்கு வேறொரு ஆபரேட்டர் வந்து சாரைப் பார்க்கப் போகிறார். இந்த மாதிரி சேதியெல்லாம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மூடி வைக்க முடியாது. அண்ணனுக்கே டீக்கடையில்தான் தெரிந்தது. மெஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக அதைத் தொட்டது அவர் ஒருத்தர்தான்.

பையைத் தூக்கிப் போட்டேன். மேனாம்பேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போதே நாலு வீடியோ பார்த்துக் கையில் லிஸ்ட்டோடு வந்திருந்தேன். "நகருங்கண்ணா. அஞ்சு நிமிஷம்."

"நீ போன தபா அஞ்சு நிமிசம் பாத்ததுலதான்மா நான் இங்க வந்து நிக்கிறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன்.

முதலில், சீக்கிரம் ஆன் ஆவதற்காகப் பாதியை மட்டும் அணைத்து வைக்கும் ஒரு வசதி. வீடியோக்காரர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் திட்டுகிறார்கள். எடுத்துவிட்டேன். அணைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பச்சை விளக்கு.

பழைய கம்ப்யூட்டர். ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுந்து உட்கார மூன்று நிமிடம் எடுக்கும். அந்த மூன்று நிமிடமும் அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்காமல் இருந்தேன்.

இரண்டாவது, ஏதாவது கோளாறு வந்தால் தானாக மறுபடி துவங்கு என்றிருக்கும் டிக். அணையும்போது ஏதோ உடைகிறது, உடைந்ததை மறைத்துக்கொண்டு மறுபடி துவங்குகிறது என்பது என் கணக்கு. டிக்கை எடுத்துவிட்டால் நீலத் திரை வந்து என்ன கோளாறு என்று சொல்லியாக வேண்டும். எடுத்தேன். அணைத்தேன். நீலமும் இல்லை ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளையாக அணைந்தது. நான் இருபது வரை எண்ணி, "ஆயிடுச்சுண்ணா!" என்று கத்தினேன். இருபத்திரண்டில் எழுந்துகொண்டது.

"கத்தாதமா, அது முழிச்சிக்குது" என்றார் அண்ணன்.

எட்டு முப்பத்தைந்து.

"அண்ணா, வேணும்னா ஒண்ணு செய்யலாம். அது அணைஞ்சு கருப்பா இருக்குற அந்தக் கேப்ல பிளக்கை இழுத்துடலாம். அப்ப எதுவும் எழுதிட்டு இருக்காது, ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது."

"அது எனக்கும் தெரியும். இழுத்துட்டா மெஷின் தப்பிச்சிக்கும். அப்பால நான் சொன்னதுக்கு இன்னா ப்ரூஃப் கீது? பத்து மணிக்கு அந்த ஆளு வந்துடுவான்மா."

அப்போதுதான் அந்தப் பதிவேட்டை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை சிவப்பாக இருந்ததை மட்டும் தேடாமல் ஒவ்வொரு வரியாக மேலே போனேன். ஞாயிறு மூன்று பத்து, சிவப்பு. அதற்கு மேலே சாதாரண வரிகள். இன்னும் மேலே, சனிக்கிழமை மாலை ஆறு நாற்பத்தொன்று, இருபதாவது விநாடி: பயனர் சொன்னபடி முறையாக அணைக்கப்பட்டது. அதே ஆறு நாற்பத்தொன்று, முப்பத்தொன்றாவது விநாடி: துவங்கியது.

பதினோரு விநாடி. அந்தப் பதினோரு விநாடிக்குள் அவர் திரையின் சுவிட்சைத் தட்டிவிட்டு, ஏ.சி.யை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பார். தினமும் அப்படித்தான் செய்வார்.

"அண்ணா, நீங்க ஆஃப் பண்ணிட்டுதான் போயிருக்கீங்க."

"இத்ததானமா ஒரு வாரமா சொல்லிகினு கீறேன்."

ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நான் எழுந்து சாரைக் கூட்டி வர ஓடினேன்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த இரண்டு வரிகளையும் படித்தார். மறுபடி படித்தார். "சரி. ஆஃப் பண்ணிருக்கான். பதினோரு செகண்ட்ல திரும்ப ஆன் பண்ணது யாரு, பேயா? ரூம்ல இவன் ஒருத்தன்தான் இருந்தான். ஏதாவது அளக்க மறந்து திரும்பப் போட்டிருப்பான்." பதிவேடு எப்போது என்று சொல்லும். யார் என்று சொல்லாது.

எட்டு நாற்பத்துமூன்று. சார் போகவில்லை, கையைக் கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. நெட்வொர்க் வழியாக யாராவது எழுப்பினால் எழுந்துகொள் என்று மதர்போர்டில் ஒரு செட்டிங். அதையும் மூடினேன். அணைத்தேன். பத்து. பதினைந்து. பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கும் பவர் பிரஸ் டொம் என்று விழுந்தது. கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவர்களும் அவசர அவசரமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். டொம். பச்சை விளக்கு.

சார் உச்சுக்கொட்டினார்.

எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இடித்தது. நாலு, இருபத்திரண்டு, பதினைந்து. சாஃப்ட்வேர் தானே மறுபடி துவங்கினால் ஒவ்வொரு தடவையும் ஒரே நேரம்தானே எடுக்கும்? இது அப்படி இல்லை. முழுசாக அணைகிறது. அப்புறம் யாரோ ஆன் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் எழுந்து உட்காரும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தேன்.

ஆன் செய்யும் பட்டன் வட்டமாக இருக்கும். அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. பொட்டைச் சுற்றிச் சந்தனம். பட்டனுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடுக்கு முழுக்கச் சந்தனம் இறங்கிக் காய்ந்து, சிமெண்ட் பூசிய மாதிரி இறுகியிருந்தது. பட்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி அழுந்திய நிலையில் நின்றது. ஒரு அதிர்வு போதும், உள்ளே தொட்டுவிட்டு வரும். ஓடும்போது முட்டி பட்டு அணைந்துவிடக் கூடாது என்று பட்டனுக்கு வேலையே இல்லாமல் அண்ணன் எப்போதோ செட்டிங்கில் வைத்திருந்தார். அதனால் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. அணைந்த பிறகுதான் அது பட்டன்.

யார் வைத்த பொட்டு என்று எனக்குத் தெரியும். பூஜையன்று, "பொம்பளப் புள்ள, நீ வைம்மா" என்று சார் கிண்ணத்தை என் கையில்தான் கொடுத்தார். வழியக் கூடாது என்று கெட்டியாகக் குழைத்தது நான். வெர்னியர் அளவுகோல், மவுஸ், தண்ணீர் கேன் வரை ஒன்றையும் விடவில்லை. அந்தப் பட்டன் நெற்றி மாதிரி வட்டமாக இருந்ததால் இன்னும் நன்றாக அழுத்தி வைத்தேன்.

எட்டு ஐம்பது. மேசைக்கு அடியில் நான் தனியாக இருந்தேன். நகத்தால் நாலு சுரண்டு சுரண்டினால் பட்டன் வெளியே வந்துவிடும். "லூஸ் கான்டாக்ட் சார்" என்றால் சரி என்பார்கள். சுரண்டிவிட்டால் சந்தனம் போய்விடும். சனிக்கிழமை ஆன் செய்தது அண்ணன் இல்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சந்தனம்தான். விரலை மடக்கிக்கொண்டேன்.

"சார், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

சார் முட்டி போட்டார். டார்ச் வெளிச்சத்தில் பொட்டைப் பார்த்தார்.

"நான்தான் சார் வெச்சேன். பூஜையன்னிக்கு. அது உள்ள போயி பட்டன் மாட்டிக்கிச்சு. பிரஸ் அடிக்கிற அதிர்வுல தானா ஆன் ஆகுது."

"பூஜையில வெச்ச சந்தனத்தையா சொல்ற?" சாரின் குரலே மாறியது. கோபமா பயமா தெரியவில்லை.

"சார், ஒம்போதுக்கு ஆறு நிமிசம் கீது" என்றார் அண்ணன். "முதல்ல இத்த எடுத்துர்லாம். அப்பால சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஃபீலர் கேஜ் என்று எங்களிடம் ஒன்று உண்டு. இரண்டு உலோகத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளக்கும் தகட்டுக் கொத்து. அதிலேயே மெல்லிய தகட்டைப் பிரித்து அண்ணன் பட்டனைச் சுற்றி மெதுவாக ஓட்டினார். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. பட்டன் டிக் என்று வெளியே வந்தது. அந்த டிக்கை மூன்று பேரும் கேட்டோம்.

அவரே மவுஸைப் பிடித்து அணைத்தார். திரை கருப்பானது. ஃபேன் நின்றது. டொம். நான் எண்ணினேன். பத்து, பதினொன்று, டொம், பன்னிரண்டு. முப்பது. நாற்பது. டொம், டொம். சாரும் உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நூறுக்கு மேல் எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. பக்கத்து ஷெட்டில் பிரஸ் பாதியில் நின்றது. ஏ.சி. பெருமூச்சு விட்டு அடங்கியது. விளக்கு போனது. யு.பி.எஸ். மட்டும் பீப் பீப் என்று கத்தியது, அண்ணன் இருட்டில் கையை நீட்டி அதையும் அணைத்தார்.

"திங்கக்கெழம என்கிட்ட என்னம்மா சொன்ன?" இருட்டுக்குள்ளிருந்து சார் கேட்டார்.

"முழுசாப் படிக்கல சார். செவப்பா இருந்த வரிய மட்டும் படிச்சேன்."

அவர் வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் போனில் பேசுவது கேட்டது. "தம்பி, கிளம்பிட்டீங்களா? வேணாம், வர வேணாம். ஆள் இருக்கு." அண்ணனிடம் நேராக வந்து எதுவும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் அண்ணன் பட்டனை அழுத்தினார். ஃபைல் திறந்தது. ஊசி போய் முதல் உருப்படியைத் தொட்டது. எண்கள் வரத் தொடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அட்த்த வருசம் சந்தனம் நான் வெக்கிறேன். நீ பொரி குடு."

"சரிண்ணா."

"அந்த சனிக்கெழம வரி கீது பாரு, ஆஃப் பண்ணேன்னு. அத்த ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு."

"சார்தான் பாத்துட்டாரேண்ணா, எதுக்கு?"

பிரிண்டரில் தாளைச் சரி செய்துகொண்டே சொன்னார். "ஊட்லயும் நம்பலமா."