செட்டுக்காரர் வீட்டுக் கல்யாணம்

எங்க காமயகவுண்டன்பட்டியில செட்டுக்காரர் வீடு எதுன்னு கேட்டா சின்னப்புள்ளையும் கையக் காட்டும். ஆனா எந்தச் செட்டுன்னு சொல்லிக் கேக்கணும். திராட்சைத் தோட்டத்துல தண்ணி எறைக்கிறது பம்பு செட்டு. முத்துமாரியம்மாள் மதினி சாப்பிட்டு முடிச்சதும் கழத்திக் கழுவுறது பல்லு செட்டு. கம்பத்துக் கடையில ரெண்டு தோசை வச்சா அது ஒரு செட்டு. எம் மக ஹேமாவதி காலேசுல கூடப் படிச்சவளுகள ‘எங்க செட்டு’ம்பா. பாக்க வந்த மாப்ளையப் பிடிக்கலையா, ‘செட் ஆகலம்மா’. இங்கிலீசுக்காரன் ஒரு வார்த்தையத்தான் விட்டுட்டுப் போனான், நாங்க அதை மாடு மாதிரி வேலை வாங்குறோம்! எங்க வீட்டுக்காரரு ஈஸ்வரபாண்டிக்கு மட்டும் செட்டுன்னா ஒண்ணே ஒண்ணுதான். மைக் செட்டு.

முப்பத்தஞ்சு வருசமா அதே பொழப்பு. சடங்கு, காதுகுத்து, திருவிழா, எழவு, எதுவானாலும் தென்னமரத்துல கொழா ஸ்பீக்கரக் கட்டிட்டு அதுக்குக் கீழயே நிப்பாக. தள்ளி நில்லுங்கன்னு நான் கத்தாத நாள் இல்ல. கேட்டாத்தான? காது கொஞ்சங் கொஞ்சமாப் போயிருச்சு. தேனி டாக்டரு ரெண்டு காதுக்கும் ஒரு செட்டு மிஷின் மாட்டச் சொன்னாரு. இவுக மாட்டேன்னுட்டாக.

“ஏ புள்ள, மைக் செட்டுக்காரன் காதுல மிஷினோட நின்னா எவன் கூப்பிடுவான்? ஊருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே எம் பொழப்பு முடிஞ்சுது. ஹேமாவுக்குக்கூடச் சொல்லக் கூடாது”ன்னாக.

அன்னையிலருந்து நாந்தான் அவுகளுக்குக் காது. எந்த விசேசமானாலும் மொத ஆளாப் போயி அவுக கண்ணுல படுற மாதிரி உக்காந்துக்கிருவேன். முந்தானையத் தோள்ல இழுத்துப் போட்டா சத்தத்தக் குறைக்கணும். தலையில போட்டா செட்டையே அமத்தணும். நாலு வருசம் இப்பிடியே ஓட்டுனோம். ஊருல எல்லாரும், “ஜோதிலட்சுமி புருசன விட்டு அரைநாழி பிரிய மாட்டா”ன்னு கேலி பேசுவாக. பேசட்டும்னு விட்டுட்டேன்.

அப்பறம் ஹேமாவுக்குக் கூடலூர் மாப்ள விஜய்பாண்டி செட் ஆச்சு. கல்யாணத்துக்கு வேற ஆள வைப்போம்னு காலப் பிடிக்காத கொறையாக் கெஞ்சுனேன். பெத்தவரு மேடையில நிக்கணும்ல?

“எம் மக கல்யாணத்துல அடுத்தவன் செட்டு பாடவா? தாரை வாத்துக் குடுத்ததும் கீழ எறங்கி நாந்தான் போடுவேன். நீதான் இருக்கேல்ல”ன்னாக.

சொன்னபடியே எறங்கிட்டாக. நான் மேடையில மகளுக்குப் பக்கத்துல நிக்கிறேன். சம்பந்தியம்மா சோணையம்மாள் தாலித் தாம்பாளத்த எங் கையில குடுத்துட்டாக. ரெண்டு கையும் தாம்பாளத்துல. அந்நேரம் பாத்து எவனோ மேளக்காரர் மைக்கை ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் திருப்பி வச்சுட்டான். மைக் ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. அய்யோ, அது சத்தமா? மண்டைக்குள்ள ஆணி எறக்குன மாதிரி இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரரு செட்டுகிட்ட நின்னு, கண்ணுல தண்ணியோட மகளையே பாத்துச் சிரிக்கிறாக. முந்தானைய எப்பிடித் தொடுவேன்? தாம்பாளத்தக் கீழ வைக்கலாமா, தாலி இருக்கே! தலைய வேகமா ஆட்டுனேன். நான் சந்தோசத்துல ஆட்டுறேன்னு நெனச்சு அவுகளும் தலைய ஆட்டுறாக. மாப்ள தாலிய எடுத்துட்டாரு. கெட்டிமேள நேரமுல்ல? எல்லாக் கல்யாணத்துலயும் செய்யிற மாதிரி, அவுக சத்தத்தக் கூட்டுற திருகைப் பிடிச்சு முழுசா ஏத்திவிட்டாக.

மண்டபமே காதப் பொத்துச்சு. மணப்பொண்ணு ஹேமாவும் மாலையோட ரெண்டு கையத் தூக்கிக் காத இறுக்கிப் பொத்திக்கிட்டா. அவுக அதத்தான் பாத்தாக. மொகத்துல இருந்த சிரிப்பு அப்பிடியே செத்துப்போச்சு. செட்டை அமத்திட்டு, திருகுல வச்ச கைய எடுக்காம குனிஞ்சு நின்னாக. தாலி கட்டுனதக்கூடப் பாக்கல. நான் அங்கன இருந்துக்கிட்டே ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சே, அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

பந்தியில கேட்டவுககிட்டயெல்லாம், “ஆம்ப்ளி பழசு, மக்கர் பண்ணிருச்சு”ன்னு சொல்லிச் சமாளிச்சேன். நம்புனாக. ஹேமா மட்டும் அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தா.

சாயங்காலம் கூடலூருக்குக் கெளம்புறப்ப, ஹேமா அவுகப்பா காதோரமா வாய வச்சு என்னமோ சொல்லிட்டு அழுதுக்கிட்டே கார்ல ஏறிட்டா. பக்கத்துல நின்ன எனக்குக் கேட்டுச்சு. கார் போயிருச்சு.

அவுக என்னையப் பாத்து, “என்னமோ சொன்னாளே, என்னா சொன்னா?”ன்னாக.

மெதுவாச் சொன்னேன். கேக்கல. கொஞ்சம் ஏத்திச் சொன்னேன். “ம்?”னாக. சுத்தி வழியனுப்ப வந்த தெருவே நிக்குது. பொறவு வீட்டுக்குள்ள போயிச் சொல்றேன்னு கையப் பிடிச்சு இழுத்தேன். நகரல.

“எம் மக போறப்ப என்னா சொல்லிட்டுப் போனான்னு எனக்குத் தெரிய வேணாமா ஜோதி?”ன்னாக, சின்னப்புள்ள மாதிரி.

என்னால முடியல. நாலு வருசம் மூடி வச்சதெல்லாம் போகட்டும்னு அடிவயித்துலருந்து கத்துனேன்:

“நீங்க போட்ட செட்டு நல்லா இருந்துச்சுப்பான்னு சொன்னா!”

தெருவே திரும்பிப் பாத்துச்சு.